எண்ணும் வாழ்வும்: அன்றாடக் கணிதம் ஓர் அறிமுகம்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களெனக் கூறினார் திருவள்ளுவர். அவ்விரண்டனுள் எண்ணையே முன்வைத்தார் என்பது கருதத்தக்கது. தமிழில் 'எண்ணுதல்' என்னும் ஒரு வினையே எண்ணிக்கையிடுதலையும் சிந்தித்தலையும் குறிக்கின்றது. 'கணக்கு' என்னும் சொல்லோ இலக்கியத்திற்கும் உரியதாயிற்று. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என நூல்தொகுதிகளுக்குப் பெயரிட்டனர் முன்னோர். கற்பிக்கும் ஆசிரியரைக் 'கணக்காயர்' என்றனர். சங்கப் புலவர் நக்கீரர், மதுரைக் கணக்காயனாரின் மகனார் என்றே அறியப்படுகின்றார். எண்ணும் எழுத்தும் ஒரு திண்ணையில் ஒருங்கே கற்பிக்கப்பெற்ற காலத்தின் சுவடுகள் இவை.

இன்றைய நிலை வேறு. தமிழ், வரலாறு, அரபி, வணிகவியல் எனக் கலைத்துறைகளில் வந்து சேரும் மாணவர் பலர், "ஐயா, எங்களுக்குக் கணக்கு வராது, அதனால்தான் இந்தப் பாடத்தை எடுத்தோம்" என்று கூறுவதைத் தமிழாசிரியர் எவரும் கேட்டிருப்பர். பத்தாம் வகுப்போடு கணக்கிற்கு விடைகொடுத்துவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். ஆயினும் கணக்கு அவர்களை விட்டுவிடுவதில்லை. தவணையில் வண்டி வாங்கும்போதும், துணிக்கடையின் தள்ளுபடிப் பலகை முன் நிற்கும்போதும், தந்தையின் சொத்தைப் பங்கிடும்போதும் அது எதிரே வந்து நிற்கின்றது. அங்கே தேர்வுத்தாள் இல்லை, மதிப்பெண் குறைவதில்லை, கைப்பொருள் குறைகின்றது.

இதனை உணர்ந்தே, கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொள்ளாத மாணவர்க்கெனக் கல்லூரிகளில் அன்றாட வாழ்வியற் கணிதம் என்னும் அறிமுகப் பாடம் இடம்பெறுகின்றது. அப்பாடம் எவற்றைக் கற்பிக்க வேண்டும், ஏன் கற்பிக்க வேண்டும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈண்டுக் கூறப்படும் கணக்குகளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் போதும்.

1. மதிப்பீடு: பலாச்சுளைக் கணக்கு

அன்றாடக் கணிதத்தின் முதற்பாடம் துல்லியமன்று, மதிப்பீடே ஆகும். காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' என்னும் பழந்தமிழ்க் கணித நூலில் சுவையான ஒரு வழி கூறப்பட்டுள்ளது. பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் எத்தனை சுளை உள்ளன என அறிய வேண்டுமா? காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணுக. அதனை ஆறால் பெருக்குக. வந்ததை ஐந்தால் வகுக்க. முள் 100 எனில் 600-ஐ 5-ஆல் வகுக்க 120 சுளை என்பது அதன் முடிபு.

இவ்விதி எல்லாப் பழத்திற்கும் பொருந்துமா என்பது வேறு வினா. நம் மாணவர் நான்கு பழங்களை அறுத்து எண்ணிப் பார்த்தே அதனை முடிவு செய்யலாம். அதுவும் நல்லதொரு வகுப்பாக அமையும். ஈண்டு நாம் கருத வேண்டியது, அந்நூலாசிரியர் காட்டும் மனப்பாங்கு. வெளியே தெரியும் சிறு செய்தியிலிருந்து உள்ளே மறைந்துள்ள பெருந்தொகையை முன்கூட்டி மதிப்பிடுதல் என்பதே அது. வணிகர் மூட்டையைத் தூக்கிப் பார்த்து எடை கூறுவதும், திருமண வீட்டில் அரிசி எத்தனை கிலோ வேண்டுமெனச் சமையற்காரர் சொல்வதும் இத்திறத்தாலேயே. கடையில் பத்துப் பொருள்களின் விலைச்சீட்டு வந்தால், ஒவ்வொன்றையும் அருகிலுள்ள பத்தாக மாற்றி மனத்துள் கூட்டிப் பார்க்கும் மாணவன், கடைக்காரரின் கை தவறினால் உடனே அறிவான். கைப்பேசியில் கணக்கிடும் வசதி இருக்க இது எதற்கு எனின், தவறான எண்ணை அழுத்தினால் கருவி தவறான விடையையே தரும். அவ்விடை பொருந்துமா என ஐயுறும் அறிவு கருவியிடம் இல்லை. நம்மிடம்தான் இருத்தல் வேண்டும்.

2. பின்னமும் விழுக்காடும்

நம் பாட்டன்மார் பின்னங்களில் வல்லவர்களாய் இருந்தனர். எண்சுவடியில் முந்திரி என்பது 320-இல் ஒன்று. காணி என்பது 80-இல் ஒன்று. அரைமா என்பது 40-இல் ஒன்று. மா என்பது 20-இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி; அது 16-இல் ஒன்று. அதனை வீசம் என்றும் வழங்கினர். 320 என்னும் எண்ணைத் தேர்ந்ததில் நுட்பம் உண்டு. அதனை ஆறு முறை மீதியின்றிப் பாதியாக்கலாம், ஐந்தாலும் வகுக்கலாம். பொருளைப் பாதி, அதிற்பாதி எனப் பகுத்து விற்கும் சந்தைக்கு இதைவிட ஏற்ற எண் அரிது. ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை வீசம் மக்கள் நாவில் வாழ்ந்தது. 1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய் 100 பைசாவாக மாறிய பின் இப்பெயர்கள் மெல்ல மறைந்தன.

பெயர் மறைந்தாலும் கணக்கு மறையவில்லை. நம் சமுதாயத்தார் நன்கறிந்த ஸகாத் என்பது நாற்பதில் ஒரு பங்கு. தமிழில் கூறின் அஃது அரைமா; இன்றைய வழக்கில் 2.5 விழுக்காடு. உழைத்து நீர் இறைத்து விளைவித்த பயிருக்கு இருபதில் ஒரு பங்கு; அது மா, அதாவது 5 விழுக்காடு. மழைநீரால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. அஃது இருமா, அதாவது 10 விழுக்காடு. ஒரே பங்கினை மூன்று மொழியில் சொல்லப் பழகும் மாணவனுக்கு விழுக்காடு என்பது நூற்றைப் பகுதியாகக் கொண்ட பின்னமே என்பது விளங்கிவிடும். நிஸாப் அளவைக் கடந்து ஒருவரிடம் ஓராண்டு நிலைத்த செல்வம் 2,40,000 ரூபாய் எனில், 40-ஆல் வகுக்கக் கிடைக்கும் 6,000 ரூபாய் ஸகாத்.

இதனுள் மற்றொரு கணக்கும் உண்டு. ஸகாத்திற்குரிய ஆண்டு பிறையாண்டு. அதற்கு 354 நாள். நாம் வழங்கும் ஆங்கில ஆண்டிற்கு 365 நாள். ஆங்கில ஆண்டையே கணக்காகக் கொண்டு ஸகாத் கொடுத்து வருபவர்க்கு ஆண்டுதோறும் 11 நாள் பிந்துகின்றது. 33 ஆங்கில ஆண்டுகளில் ஏறத்தாழ 34 பிறையாண்டுகள் சென்றுவிடுகின்றன. நாற்பது ஆண்டு வணிகம் செய்தவர், ஓராண்டு ஸகாத் விடுபட்டதை அறியாமலே இருத்தல் கூடும். எளியவர்க்குரிய பங்கு இங்கே கருமித்தனத்தால் குறையவில்லை, நாட்காட்டியால் குறைகின்றது.

விழுக்காட்டில் பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்று உண்டு. எதன்மேல் எடுத்த விழுக்காடு என்பதை மறத்தலே அது. 1,000 ரூபாய்ப் பொருளின் விலையை 20 விழுக்காடு உயர்த்தினால் 1,200 ஆகும். பின்னர் 20 விழுக்காடு குறைத்தால் 1,000-க்கு மீளாது, 960 ஆகும். ஏனெனில் இரண்டாம் முறை எடுத்தது 1,200-இன் மீது. இவ்வாறே "40 விழுக்காடு தள்ளுபடி, அதற்குமேல் 20 விழுக்காடு" என்னும் விளம்பரத்தைக் கண்டு 60 விழுக்காடு என மகிழ்பவர் உளர். 1,000 முதலில் 600 ஆகும். 600-இல் 20 விழுக்காடு 120. செலுத்த வேண்டியது 480. எனவே தள்ளுபடி 52 விழுக்காடே. கடைக்காரர் பொய்யுரைக்கவில்லை, வாங்குவோர் கூட்டக் கூடாததைக் கூட்டினர்.

3. பங்கீடு: நீதியின் கணக்கு

ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கலீபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில், பக்தாது நகரில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மி. அவர் இயற்றிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்னும் சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அவர் பெயரே 'அல்காரிதம்' என்னும் சொல்லாய் இன்று கணினித் துறையில் வழங்குகின்றது. இந்திய எண்முறையை விளக்கியும் அவர் ஒரு நூல் எழுதினார். இத்துணைப் பெருமை வாய்ந்த அவர், தம் அல்ஜீப்ரா நூல் யாருக்காக எழுதப்பட்டது என முன்னுரையில் குறிக்கின்றார். வாரிசுரிமை, மரணசாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கை எளிதாக்குவதே அவர் நோக்கம். நூலின் பிற்பகுதியில் பெரும்பங்கு வாரிசுக் கணக்குகளே ஆகும். இயற்கணிதம் வாழ்க்கைக்கு அயலான கலை என எண்ணும் மாணவர்க்கு இவ்வரலாறு ஒரு தெளிவைத் தரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் மனைவியையும், ஒரு மகனையும், இரு மகள்களையும் விட்டு இறந்தார். பெற்றோர் முன்னரே காலமாயினர். அடக்கச் செலவும், கடனும், மரணசாசனமும் போக எஞ்சிய சொத்து 9,60,000 ரூபாய் எனக் கொள்வோம். இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி மக்கள் உள்ளபோது மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது அரைக்கால். எஞ்சிய எட்டில் ஏழு, மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்னும் முறையில் பிரியும். மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று என ஆக நான்கு பங்கு. எட்டையும் நான்கையும் பெருக்க 32. சொத்தை 32 கூறாக்கினால் பின்னமே வராது. மனைவிக்கு 4 கூறு; மகனுக்கு 14 கூறு; மகள் ஒருவருக்கு 7 கூறு. 4, 14, 7, 7 ஆகியவற்றைக் கூட்டினால் 32 வருதல் காண்க. ஒரு கூறு 30,000 ரூபாய். எனவே மனைவிக்கு 1,20,000, மகனுக்கு 4,20,000, மகள் ஒவ்வொருவருக்கும் 2,10,000.

பள்ளியில் பின்னங்களைக் கூட்டும்போது பொதுப் பகுதி காணக் கற்றோமே, அதன் பயன் இதுவே. இதில் ஓர் உண்மையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். பல இல்லங்களில் பெண்மக்களுக்குரிய பங்கு முழுமையாகச் சென்றடைவதில்லை. "உன் திருமணத்திற்குச் செய்ததே போதும்" என்பாரும் உளர். ஒரு தொகையைக் கையில் வைத்து "இதுதான் உன் பங்கு" என்பாரும் உளர். உரிமை வரையறுக்கப்பட்டிருந்தும், அதனைக் கூறுபோட்டுக் காணத் தெரியாதவர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு ஒப்பமிடுகின்றார். 32 கூறில் தமக்கு 7 கூறு என எழுதிக் காட்டத் தெரிந்த பெண்ணிடம் அவ்வாறு கூறுதல் எளிதன்று. ஆதலின் இப்பாடம் மாணவியர்க்கு மிகவும் வேண்டற்பாலது.

4. கடன்: சொல்லும் வட்டியும் சொல்லாத வட்டியும்

இப்பாடத்தின் உயிர்நாடி இப்பகுதியே எனலாம். சந்தையில் காய்கறி விற்கும் ஒருவர் 'தண்டல்' வாங்குகின்றார். கடன் 10,000 ரூபாய். முதலிலேயே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று இருவருமே கூறுவர். அது மெய்யா?

பெற்றது 8,500, ஆனால் அத்தொகை முழுவதும் முதல் நாள் மட்டுமே அவரிடம் இருந்தது. நாள்தோறும் 100 ரூபாய் திரும்பிச் செல்கின்றது. நூறு நாளையும் ஒருசேரப் பார்த்தால், சராசரியாக அவர் கையில் இருந்தது 8,500-இல் பாதி. அதாவது ஏறத்தாழ 4,250 ரூபாய். அதற்கு நூறு நாளில் அவர் கொடுத்த வட்டி 1,500. 4,250-க்கு 1,500 எனின் நூற்றுக்கு 35. அதுவும் நூறு நாளைக்கு மட்டுமே. ஆண்டின் 365 நாளுக்கு 3.65 மடங்காக்கின் ஏறத்தாழ 128 விழுக்காடு. நாள்தோறும் குறையும் பாக்கியை வைத்துத் துல்லியமாகக் கணக்கிட்டாலும் 120 விழுக்காட்டிற்குக் குறையாது. பதினைந்து எனச் சொல்லப்பட்டது. நூற்றிருபது எனச் செலுத்தப்பட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும் தாம் கொடுப்பது எவ்வளவு என்பதையே அறியாதவர், சட்டத்தின் வாயிலை அடைவது எங்ஙனம்?

இனிப் படித்தவர் வாங்கும் கடனைக் காண்போம். இருசக்கர வண்டிக்கு 72,000 ரூபாய் கடன், வட்டி 10 விழுக்காடு, மூன்றாண்டுத் தவணை. 'பிளாட்' முறையில் ஆண்டுக்கு 7,200 வீதம் மூன்றாண்டு வட்டி 21,600. அசலும் வட்டியும் 93,600. அதனை 36 மாதத்தால் வகுக்க மாதத் தவணை 2,600 ரூபாய். இதில் அசலுக்கு 2,000, வட்டிக்கு 600 என வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் 72,000 கடனுக்கு 600 வட்டி, இது முறையே. இறுதி மாதத்தில் எஞ்சிய அசல் 2,000 மட்டுமே. அதற்கும் அதே 600 வட்டி! திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்திற்கும் வட்டி கட்டிக்கொண்டே வந்தோம் என்பது இப்போது புலனாகும்.

குறையும் பாக்கிக்கு மட்டுமே வட்டி கணக்கிடும் முறையில், அதே 10 விழுக்காட்டிற்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,323 ரூபாய்; மொத்த வட்டி 11,640-ஐ ஒட்டி அமையும். இரண்டிற்கும் வேறுபாடு ஏறத்தாழ 10,000 ரூபாய். மாறாகப் 'பிளாட்' முறையின் 10 விழுக்காட்டைக் குறையும் பாக்கி முறைக்கு மாற்றிக் கூறின் அஃது ஏறத்தாழ 18 விழுக்காடாகும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்க் கடன்களுக்கு எல்லாக் கட்டணமும் அடங்கிய ஆண்டு விழுக்காட்டை ஒரு முக்கிய விவரத்தாளில் எழுதித் தருதல் வேண்டும் என்னும் இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. அத்தாளைக் கேட்டு வாங்கி, அவ்வொரு வரியைப் படிக்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஏற்படுத்தினால் இப்பாடம் பாதி வெற்றி பெற்றதாகும்.

வட்டியை விலக்கி வாழ்பவர்க்கு இக்கணக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். வட்டி எப்போதும் வட்டி என்னும் பெயரோடு வருவதில்லை. முன்பிடித்தம், சேவைக் கட்டணம், தவணை விலை எனப் பல உருவில் வருகின்றது. விலக்க விரும்புபவரே அதனை அடையாளம் காணக் கற்றிருத்தல் வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியதாகும். எழுதியதைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தால்தான் எழுதியதன் பயன் நிறைவுறும்.

5. சராசரி: நாளிதழ் படிக்கும் கணக்கு

ஒரு நிறுவனத்தில் பத்துப் பேர் பணிபுரிகின்றனர். ஒன்பது பேர்க்கு மாதம் 10,000 ரூபாய், மேலாளர்க்கு 1,10,000. மொத்தம் 2,00,000, சராசரி 20,000. "எங்கள் நிறுவனத்தில் சராசரி ஊதியம் இருபதாயிரம்" என விளம்பரம் செய்தால் அது பொய்யன்று. ஆனால் இருபதாயிரம் வாங்குபவர் அங்கே ஒருவருமிலர். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரின் ஊதியம் எவ்வளவு எனக் கேட்டால் 10,000 என்னும் விடை கிடைக்கும். இதனை இடைநிலை அளவு என்பர். வேலை தேடிச் செல்லும் நம் மாணவர் கேட்க வேண்டிய வினா இதுவே. புள்ளிவிவரத்தை நம்பாதே என்பது நம் பாடமன்று. எவ்வகைப் புள்ளிவிவரம் எனக் கேள் என்பதே பாடம்.

கற்பிக்கும் முறை

இப்பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்காமல் தாளில் தொடங்குதல் நன்று. மின்கட்டணச் சீட்டு, நகைக்கடைச் சீட்டு, கடன் அட்டை, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றை மாணவர் தத்தம் இல்லத்திலிருந்து கொணர்தல் வேண்டும். பெயரும் எண்ணும் மறைத்து வகுப்பில் அவற்றைப் படித்தல் வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் விடையோடு நிறுத்தாமல், அவ்விடையின் பொருளைத் தமிழில் ஒரு தொடராக எழுதச் செய்தல் வேண்டும். எண்ணைச் சொல்லாக்கத் தெரிந்தவரே அதனைத் தாய்க்கும் தமக்கைக்கும் விளக்க வல்லவர். இங்கே தமிழ்த்துறைக்கும் கணிதத்துறைக்கும் இணைந்து செய்யத்தக்க பணி உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. 800 ரூபாய்ப் புடவைக்கு 30 விழுக்காடும் அதன்மேல் 10 விழுக்காடும் தள்ளுபடி எனில், செலுத்த வேண்டிய தொகை யாது? (விடை: 504 ரூபாய், தள்ளுபடி 37 விழுக்காடு.)

2. ஒரு பெண்மணி கணவரையும் இரு மகன்களையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார், பெற்றோர் இலர். மக்கள் உள்ளபோது கணவருக்கு நான்கில் ஒன்று. சொத்தை எத்தனை கூறாக்குதல் வேண்டும்? (விடை: 20 கூறு. கணவருக்கு 5, மகன் ஒவ்வொருவருக்கும் 6, மகளுக்கு 3.)

3. 5,000 ரூபாய்க் கடனில் 500 பிடித்துக்கொண்டு 4,500 தரப்படுகின்றது. வாரம் 500 வீதம் பத்து வாரம் கட்டுதல் வேண்டும். வட்டி பத்து விழுக்காடுதானா? (விடை: அன்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 100 விழுக்காடு.)

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றுள் கடினமான கணக்கு ஒன்றும் இல்லை. கடினமாக இருப்பது, கேட்கும் துணிவே. எண்ணைக் கண்டவுடன் 'நமக்கு இது வராது' என ஒதுங்குபவர், தமக்குரியதைப் பிறர் எண்ணிக் கொடுக்க விட்டுவிடுகின்றார். மதிப்பீடு நம்மை ஏமாற்றத்திலிருந்து காக்கும். பின்னம் பிறர்க்குரிய பங்கை நினைவூட்டும். பங்கீடு உடன்பிறந்தாளின் உரிமையை நிலைநாட்டும். கடன் கணக்கு உழைப்பாளியின் அன்றாட நூறு ரூபாயைக் காக்கும்.

எனவே மாணவச் செல்வங்களே, இவ்வாண்டு விடுமுறையில் இல்லம் செல்லும்போது ஒரு சிறு பணியை மேற்கொள்ளுங்கள். வீட்டில் நடப்பிலுள்ள ஏதேனும் ஒரு தவணை அட்டையை எடுத்து, கையில் பெற்றது எவ்வளவு, கட்டப்போவது எவ்வளவு, எத்தனை நாளில் எனும் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதனைப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுங்கள். சமுதாயப் பெரியோர்களும் தத்தம் மஹல்லாவில் கடன் வாங்குவோர், பாகம் பிரிப்போர் ஆகியோர்க்கு இத்தகைய இளைஞரைத் துணையாக அமர்த்தலாம். கல்லூரியில் கற்ற கணக்கு அன்றுதான் ஊருக்குப் பயன்படத் தொடங்கும்.